கூப்பிடாதவன்

உச்சிப்பொழுது. நிழல் காலுக்கடியில் சுருண்டுவிடுகிற நேரம். ஷரூர் வெளி... அரஸ் ஆற்றை ஒட்டி, நாளைக்கு நாம் போகப்போகிற அதே பாதை. ஆள் இல்லை. மரம் இல்லை. ஒரு நாய்கூட இல்லை.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? ராத்திரி பாவம். பழியை அதன் தலையில் போட்டுவிட்டுப் பகலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறோம். ஷரூரில் வருவது பட்டப்பகலில். நம் உப்பு ஒட்டகக் கூட்டங்கள் விடியுமுன்னே அந்த வெளியைத் தாண்டிவிடுவது வெயிலுக்குப் பயந்து என்றுதானே நினைத்தீர்கள்? சரி, கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். வறட்டி இன்னும் ரெண்டு போடுங்கள். அந்த மூலையில் சிரிக்கிறவன் சிரித்து முடிக்கட்டும், எனக்கு அவசரமில்லை.

இது என் கூட்டாளி எய்வாஸுடைய பெரியம்மாவுக்கு நடந்தது. சோல்மாஸ் என்று பேர். நக்சிவான் பக்கம் உப்பு ஏற்றுகிற குடும்பம். புருஷன் போய்விட்டான். பெற்ற பிள்ளைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டிலிலேயே போய்ச் சேர்ந்தார்கள். கடைசியாகப் பிறந்தவனுக்கு, நம் வழக்கம்தான் தெரியுமே, துர்சுன் என்று பேர் வைத்தாள். 'நிற்கட்டும், நம்மோடு தங்கட்டும்' என்று சாவின் காதில் விழும்படி வைக்கிற பேர். பேர் பலித்தது. பையன் தங்கினான், வளர்ந்து ஆளானான். அவன் கொல்லைப்பக்கம் போனால்கூட அவள் வாசலில் வந்து நிற்பாள். அவளுக்கு உலகத்தில் இருந்தது அவன் ஒருவன்தான்.

ஷரூரில் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள், வெளியில் போய் வாயைக் கொடுக்காதீர்கள். ஜெயித்தது நம் ஷாவைப் பெற்றவர். அப்போது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. அவர் பக்கம் செந்தொப்பிக்காரர்கள், கொஞ்சம் பேர். எதிரே வெள்ளைச் செம்மறி வம்சத்து இளவரசன், கடல்போலப் படை. ஆனால் அவனுக்குத் தன் ஆட்கள்மேலேயே நம்பிக்கை இல்லை. என்ன செய்தான்... சுமை ஒட்டகங்களை எல்லாம் தன் படைக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தி, காலுக்குக் கால் இரும்புச் சங்கிலி போட்டுப் பிணைத்துவிட்டான். எவனும் திரும்பி ஓடக் கூடாதாம்.

முன்வரிசை உடைந்தது. ஓடி வந்தார்கள். ஒட்டகச் சுவர். ஏறவும் முடியவில்லை, நுழையவும் முடியவில்லை. செந்தொப்பிக்காரர்கள் அவசரப்படவில்லை, களத்தில் கதிரடிக்கிற மாதிரி வரிசையாக வந்தார்கள். ஒட்டகத்துக்கு அந்தப் பக்கம் பத்திரமாக நின்றுகொண்டு இளவரசனின் தளபதிகள் கத்திக்கொண்டே இருந்தார்களாம்: துர்... துர்... நில், நில். அதுதான் வெட்டுப்பட்டவர்கள் காதில் விழுந்த கடைசி வார்த்தை. அந்த உத்தரவை இன்னும் அவர்கள் மீறவில்லை.

அதனால்தான் ஷரூரில் உச்சிவேளைக்குப் போகக் கூடாது. போனாலும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது.

சோல்மாஸ் போகவேண்டியதாகிவிட்டது. எரவானில் துர்சுனுக்குப் பெண் பேசியிருந்தது. உப்பையும் ஏற்றிக்கொண்டு, தாயும் மகனும், எய்வாஸுடைய அப்பா கிலிச்சும் கிளம்பினார்கள். கிலிச் அவளுக்குக் கொழுந்தன். இந்தக் கிலிச் முந்தின நாள் ஓசி முலாம்பழம் கிடைத்தது என்று கழுத்துவரை தின்றிருந்தான். வழியில் ஒரு புதரை விடவில்லை. விடியுமுன் தாண்டவேண்டிய வெளிக்குள் அவர்கள் கால்வைக்கும்போது சூரியன் தலைக்கு மேலே.

"அண்ணி, இந்த வெளி தாண்டற மட்டும் அவன் பேரச் சொல்லிக் கூப்பிட்றாத. வெறும் மகனேன்னு கூப்பிடு. அந்தப் பேருக்குள்ள என்ன வார்த்த இருக்குன்னு தெரியுமில்ல?"

"பெத்தவளுக்குப் பேரு சொல்லித் தர வந்துட்டான். நீ மொதல்ல உன் வயித்தப் பாரு."

துர்சுன் சிரித்தான். "நிக்கச் சொல்லக் கூடாதுன்னா எனக்கென்ன கஷ்டம்? பத்தடிக்கு ஒருதரம் நிக்கறது சித்தப்பாதானே."

அதுதான் அவர்கள் கேட்ட அவனுடைய கடைசிச் சிரிப்பு.

பாதி வெளி தாண்டியிருப்பார்கள். காற்று நின்றது. தரையிலிருந்து கானல் எழும்பி, தூரத்து மலை தண்ணீரில் ஆடுகிற மாதிரி ஆடியது. அப்போது சோல்மாஸுக்குச் சத்தம் கேட்டது. கரக்... கரக்... இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம். அவர்களிடம் இருந்தது வெறும் ஆட்டுமயிர்க் கயிறு. சங்கிலி கிடையாது. கூடவே ஒரு வாடை... கசாப்புக்கடையில் ஈரலை அறுத்து வைத்தால் வருமே, அது. ஒட்டகங்களின் உதடு நடுங்கியது. முன்னால் போன பெட்டை ஒட்டகம் கயிற்றை அறுத்துக்கொண்டு பாதையை விட்டு ஓடியது. துர்சுன் அதன் பின்னால் ஓடினான்.

கானலுக்குள் முதலில் அவன் முழங்கால் மறைந்தது. பிறகு இடுப்பு. பிறகு சோல்மாஸ் பார்த்தாள்: அவன் தலைக்கு இரண்டு பக்கமும் வேறு தலைகள் இருந்தன. வரிசையாக. எல்லாம் ஒரே உயரத்தில்.

பெற்றவள். என்ன செய்வாள்? வயிற்றிலிருந்து கத்தினாள்.

"துர்சுன்..."

முழுப் பேரையும்தான் சொன்னாள். அந்த வெளி முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

ஈ பறக்கிற சத்தம்கூட நின்றது. துர்சுன் நின்றான். தாயும் கிலிச்சும் ஓடிப்போய் அவன் முன்னால் நின்று பார்த்தார்கள். கண் திறந்திருந்தது, மூச்சு வந்தது, உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. அசைக்க முடியவில்லை. கிலிச் தோளைக் கொடுத்து முட்டினான், கிணற்றுச் சுவரை முட்டுகிற மாதிரி இருந்ததாம். சோல்மாஸ் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகனே என்றாள், ராசா என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கிலிச் அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஒட்டகத்தில் மாட்டி அடித்து ஓட்டினான். சோல்மாஸும் கயிற்றைப் பிடித்து இழுத்தாள், உள்ளங்கைத் தோல் உரிந்து வரும்வரை. முள்ளங்கியைப் பிடுங்கும்போது மண் விடுகிற சத்தம் ஒன்று வந்தது. அவன் குப்புற விழுந்தான்.

தூக்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கண் திறந்தான். சோல்மாஸ் மடியில்தான் தலை.

"ஒட்டகத்த அவுத்துட்டாங்களா?" என்று கேட்டான்.

"எந்த ஒட்டகம்டா கண்ணு?"

"பின்னால சங்கிலி போட்டுக் கட்டியிருக்கே. அவுத்தாங்களா, இல்லையா?"

குரல் மகனுடையது. பேச்சு மகனுடையது இல்லை. வெள்ளைச் செம்மறிக்காரர்களின் தியார்பகிர் பக்கத்துப் பேச்சு, அதுவும் கிழவர்கள் பேசுகிற பழைய பேச்சு. சோல்மாஸ் அவன் தலையை மடியிலிருந்து மெதுவாக இறக்கித் தரையில் வைத்தாள்.

"நீ யாரு?"

"ஹம்ஸா. கம்பளி அடிக்கிறவன் மகன்."

"என் மவன் எங்க?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வரிசையில எடம் காலியா இருக்கக் கூடாதும்மா. நான் வந்துட்டேன். அவன் என் எடத்துல நிக்கிறான்."

இப்போது புரிகிறதா... உடம்பு ஒன்றுதான். உள்ளே வந்தவன் வேறு.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அந்த ஹம்ஸா பாவப்பட்டவன். ரொட்டியைப் பார்த்தால் அழுவான். வாசலில் ஒட்டகத்தைக் கட்டினால் படுக்கையிலேயே சிறுநீர் போய்விடும். தண்ணீர் எடுத்துக் கொடுப்பான், அடுப்பு ஊதுவான், அம்மா அம்மா என்று காலையே சுற்றுவான். சோல்மாஸ் அவனைத் திட்டவில்லை. தலை வாரிவிட்டாள். "உங்க ஆத்தாவப் பாக்கணுமா? கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல சட்டை வேண்டும் என்று கேட்டான். துர்சுனின் கல்யாணத்துக்கு என்று தைத்து வைத்திருந்த சட்டையை எடுத்துக் கொடுத்தாள். வழியெல்லாம் அவன் தன் அம்மா செய்கிற தயிர்க் கஞ்சியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். கிலிச் பின்னால் கயிற்றைச் சுமந்துகொண்டு வந்தான்.

ஷரூர் வெளியின் ஓரத்து மேடு தெரிந்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. ஓடவில்லை. ஓடிப் பழக்கமில்லை போலிருக்கிறது. அவள் காலில் விழுந்தான்.

"அம்மா... நான் ரொம்ப நாளா நின்னேம்மா. காலு வலிக்குதும்மா."

சோல்மாஸ் அவனை எழுப்பி நிறுத்தினாள். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். அப்புறம் சொன்னாள்: துர்.

அவன் வாய் திறந்தபடியே நின்றது. கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். அந்தச் சத்தம் வந்தது. உடம்பு விழுந்தது. கிலிச் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். சோல்மாஸ் உடம்பைத் திருப்பி மடியில் போட்டுக்கொண்டு, கண் திறக்கட்டும் என்று காத்திருந்தாள்.

இந்தத் தடவை கண் திறந்ததுமே, "அம்மா, நான்தாம்மா... துர்சுன்" என்றான்.

அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆடு அறுத்தாள். தெருவுக்கே ரொட்டி சுட்டாள். ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டாள், "இந்தா உக்காந்திருக்கானே, உன் சித்தப்பன், அவன் பேரென்ன சொல்லு பாப்போம்." அவன் கிலிச்சைப் பார்த்தான். வியர்த்தது. தெரியவில்லை. அவள் அவன் கையிலிருந்த கறித்துண்டைப் பிடுங்கித் தட்டில் போட்டாள். மறுநாள் உச்சிக்கு அவனும் வெளியில் நின்றான்.

உள்ளே வந்து போகிறவர்கள் திரும்பிப்போய் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ என்னவோ. அதற்குப் பிறகு வந்தவன் எல்லாம் கண் திறக்குமுன் அதைத்தான் சொன்னான். அம்மா, நான்தாம்மா. ஒருவன் கிலிச்சின் பேரையும் சரியாகச் சொன்னான். ஆனால் உப்பு மூட்டையைத் தூக்கத் தெரியவில்லை. ஒவ்வொருவனும் அழுதான், காலைப் பிடித்தான். அவளுக்கு மனசு மரத்துவிட்டது. கோழியைப் பிடித்துக் கொடுக்கிற மாதிரி பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"போதும் அண்ணி. அவங்களும் ஒருத்தி பெத்த புள்ளைங்கதானே" என்றான் கிலிச்.

"நீ முலாம்பழம் தின்னாம இருந்திருந்தா நான் இத ஏன்டா செய்றேன்?"

 கிலிச் கயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போவான்.

அப்புறம் ஒருவன் வந்தான். கண் திறந்தான். ஒன்றும் பேசவில்லை.

அம்மா என்று சொல்லவில்லை. பேர் சொல்லவில்லை. ரொட்டி கொடுத்தால் தின்றான், இல்லையென்றால் கேட்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். சோல்மாஸ் எதிரே உட்கார்ந்து, "பேசுடா. யாருடா நீ? ஒரு வார்த்த சொல்லு" என்று கெஞ்சிப் பார்த்தாள். அடித்தும் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

"இந்த ஊமைய வேணா வச்சுக்கயேன். வம்பு தும்பு இல்லாதவனா இருக்கான்" என்றான் கிலிச்.

"என் மவனா இருந்தா அம்மான்னு ஒரு வார்த்த சொல்லாம இருப்பானா? வந்தவன் எல்லாம் சொன்னான். இவனுக்கு அதுகூட வரல. எந்திரி" என்றாள்.

எழுந்தான். கூட நடந்தான். மேடு தெரிந்தபோதும் அவன் கால் பின்வாங்கவில்லை. வெளியில் வந்து வழக்கமான இடத்தில் தானாகவே நின்றான். கயிறு அவள் கையில் இருந்தது. பழைய காயம் எல்லாம் திறந்து உள்ளங்கையில் ரத்தம். அவன் அந்தக் கையைப் பார்த்தான். கயிற்றை அவளிடமிருந்து மெதுவாக வாங்கினான். தன் இடுப்பில் தானே சுற்றி முடிச்சுப் போட்டான்.

அவன் முடிச்சை இறுக்கும்போதே அவள் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள். சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

அப்புறம்தான் முடிச்சைப் பார்த்தாள். இடது கைப் பழக்கத்தில், நுனியை இரண்டு தரம் உள்ளே செருகிப் போட்ட முடிச்சு. உப்பு மூட்டை வாய் கசியாமல் இருக்க அவள் வீட்டில் போடுகிற முடிச்சு. இடது கையால் போடாதே என்று சின்ன வயதில் எத்தனை தரம் அந்தக் கையில் அடித்திருப்பாள்.

அவள் கத்தவில்லை. அப்படியே உட்கார்ந்து அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் கண் அவளையே பார்த்தபடி நின்றது. அவன் ஏன் பேசவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். எய்வாஸுக்கும் தெரியாது.

"இழு அண்ணி, சீக்கிரம் இழு, இன்னும் போயிருக்க மாட்டான்" என்று கிலிச் ஒட்டகத்தை அடித்தான். இழுத்தார்கள். உடம்பு விழுந்தது. விழுந்த உடனே, மண்ணில் முகம் கிடக்கும்போதே, அது பேசியது.

"அம்மா... நான்தாம்மா..."

அவள் கயிற்று நுனியால் அந்த வாயிலேயே அடித்தாள். மகன் வாய்தான், உதடு கிழிந்து ரத்தம் வந்தது. பிறகு துர் என்றாள். மறுபடி இழு என்றாள். மறுபடி. அன்றைக்கு மட்டும் எத்தனை பேர் வந்தார்கள் என்று கிலிச்சுக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் அம்மா என்றார்கள். பொழுது சாயும்போது இடுப்பு எலும்பு விட்டுப்போய், அந்த உடம்பில் மூச்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வருவதற்கு வீடு இல்லை.

நக்சிவானில் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். சோல்மாஸ் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கு அல்வா கிண்டி, ஒவ்வொருவர் கையிலும் வைத்துக் கொடுத்தாள். விடிந்தபோது ஆளைக் காணோம்.

கிலிச் தேடிக்கொண்டு ஷரூருக்குப் போனான். உச்சிவேளை. வெளியில் கால்வைத்ததுமே காதைப் பொத்திக்கொண்டானாம். எட்டிய தூரம் வரைக்கும், வெட்டவெளியில், ஆளே இல்லாத இடத்திலிருந்து ஆண்குரல்கள். தடித்த குரல், உடைந்த குரல், கிழட்டுக் குரல். எல்லாம் ஒரே வார்த்தை. அம்மா... அம்மா... நான்தாம்மா... நடுவில் அவள் மட்டும் நடந்துகொண்டிருந்தாள். நின்று, காற்றில் ஒரு மோவாயைப் பிடிக்கிற மாதிரி கையை உயர்த்துவாள். காதைக் கொடுத்துக் கேட்பாள். கையை எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போவாள். கூப்பிடாதவன் ஒருவன் அந்த வரிசையில் எங்கேயோ நிற்கிறான். அவனைத் தேடுகிறாள்.

கிலிச் வீட்டுக்கு வந்து படுத்தவன்தான், மழைக்காலம் தாங்கவில்லை.

இதெல்லாம் நடந்து எவ்வளவோ காலமாயிற்று. அவள் செத்தாளா இருக்கிறாளா என்று யாரும் போய் நாடி பிடித்துப் பார்க்கவில்லை. நாளைக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தால் விடியுமுன் தாண்டிவிடுவோம். தாண்ட முடியாமல் போனால் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு முக்காடு போட்ட ஒருத்தி எதிரே வந்து உங்கள் மோவாயைப் பிடிப்பாள். விரல் உப்பு மாதிரி சொரசொரப்பாக இருக்கும். பிடித்த உடனே சொல்லிவிடுங்கள். அம்மா, நான்தாம்மா. வெட்கப்படாதீர்கள். சொன்னால் கையை விட்டுவிட்டுப் போய்விடுவாள்.

புதிதாக வந்தவர்களுக்கு யாதிகாரைத் தெரியாது. போன இலையுதிர்காலம் வரை நம் கூட்டத்தில் இருந்தவன். வாயாடி. வாயை மூடு என்று சொல்லியே நமக்கெல்லாம் தொண்டை கட்டிப்போகும். ஆற்றில் வெள்ளம் என்று சுற்றிவந்ததில் எங்களுக்கு நேரமாகிவிட்டது. அவள் வந்தாள். எங்களை ஒவ்வொருவராகப் பிடித்தாள், நாங்கள் சொன்னோம், விட்டாள். யாதிகாரைப் பிடித்தாள். அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அவள் காத்திருந்தாள். அவன் பேசவில்லை. அவள் முகத்தைப் பார்க்கணுமே... அப்படி மலர்ந்த ஒரு முகத்தை நான் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை. முக்காட்டு நுனியால் அவன் முகத்துத் தூசியைத் துடைத்தாள். "எளச்சுப் போயிட்டியேடா" என்றாள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள், நக்சிவான் பக்கமாக. நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம்.

கொஞ்சதூரம் போயிருப்பார்கள். அப்போதுதான் பாவிக்கு ஞாபகம் வந்தது. நாங்கள் சொல்லிக் கொடுத்ததைத் தொண்டை கிழியக் கத்தினான்.

"அம்மா... நான்தாம்மா..."

அவள் நடை நின்றது. திரும்பினாள். இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டாள். அவள் உதடு ஒருதரம் அசைந்தது.

யாதிகார் இன்னும் அங்கேதான் நிற்கிறான். எங்கள் ஒவ்வொருவர் தோளிலும் கயிறு இருந்தது. இழுத்தால் வருகிறவன் யாராக இருப்பான் என்று யோசித்தோம். யாரும் கயிற்றை இறக்கவில்லை.